மலையில் இலை, மதுரையில் தூள்

என் தங்கை மகனுக்கு பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு வரும்போது ஒரு தகர டப்பாவில் முழு இலைத் தேயிலை கொண்டுவருவான். பாலும் சீனியும் கூடாதாம். வெந்நீரை ஊற்றி மூடிவைத்து, வடிகட்டி, அப்படியே குடிக்க வேண்டுமாம். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம், அவன் விடவில்லை. "பெரியம்மா, நீங்க கீழமாசி வீதியில வாங்கிட்டு வர்றீங்களே, அது டீயே இல்ல. சல்லடையில கடைசியா விழுற தூசி. அதத்தான் மதுரை பூரா காய்ச்சிக் குடிக்குது" என்றான்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இப்படிச் சொன்னால் பதில் ஒரு வரியில் வராது.

அவன் சொன்ன தொழில் விவரம் சரிதான். ஆலையில் காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். முழு இலை, உடைந்த இலை, குருணை, எல்லாவற்றுக்கும் அடியில் தூள். ஏலப் பட்டியலில் அதற்குப் பெயரே டஸ்ட்தான். குன்னூரில் 1963-இல் தொடங்கிய ஏலத்தில் இந்தத் தூளுக்கென்றே வியாபாரிகள் உண்டு. தெற்கத்திச் சீமை அதிகம் குடிப்பது அதைத்தான். ஆனால் தூள் மதுரைக்கு வந்தது எங்கள் நாக்கின் குறையால் அல்ல. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் நடந்த கொடுக்கல் வாங்கலில் எங்கள் பங்குக்கு விழுந்தது அது.

மதுரைக்கு மிக அருகில் தேயிலை விளைகிற இடங்களில் ஒன்று மூணாறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சிங்கோனா, காபி என்று என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டுத் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. இலை விளைந்துவிட்டது, அதை லண்டனுக்கு அனுப்புவது எப்படி? மேற்கே கொச்சிப் பக்கம் இறங்குவதைவிட, கிழக்கே மலை விளிம்புக்கு வந்து போடிநாயக்கனூர்ப் பக்கம் இறக்கிவிடுவது சுலபமாக இருந்தது.

இதற்காக அவர்கள் செய்த காரியம் இன்றைக்குக் கேட்டாலும் கதை போல இருக்கிறது. 1902-இல் குண்டளை பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் வண்டிகளை ஓட்டினார்கள். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். ரயில் கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்பில் ஒரு நிலையத்தில் சேர்ந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு அடிவாரத்துக்கு, கொட்டகுடிக்கு, இறங்கின. அப்புறம் மாட்டு வண்டியில் போடி. போடிக்கு 1928-இல்தான் மதுரையிலிருந்து ரயில் வந்தது. அதுவரை வண்டிகள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு வரை, உருண்டன. அங்கிருந்து ரயிலேறினால் மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம், பிறகு கப்பல். 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவில்லை. குரங்கணிப் பக்கம் மலையேறுகிறவர்கள் வாயில் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. தண்டவாளம் எங்கே என்று கேட்கும் சுற்றுலாக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கம்பிவடம் இறங்கும்போது தேயிலை கொண்டுவந்தது. ஏறும்போது சமவெளியின் அரிசியும் சாமானும் கொண்டுபோனது. ஆட்களும் கீழேயிருந்துதான் போனார்கள், நடந்து. ஆக, நல்ல தேயிலை மதுரை வழியாகத்தான் போயிருக்கிறது; மதுரைக்கென்று நிற்கவில்லை.

ஆள் போன கதை மூணாறோடு முடியாது. இலங்கையில் காபிச் செடியை 1869 முதல் ஒரு பூஞ்சை நோய் தின்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை, காபி அழிந்த இடமெல்லாம் பரவியது. இந்தப் பக்கம் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அங்கே தோட்டத்துக்கு ஆள் வேண்டும், இங்கே ஆளுக்குச் சோறு வேண்டும், நடுவில் முன்பணக் கடன் கொடுத்து ஆள் சேர்க்கும் கங்காணி. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கடற்கரை வரை நடந்து, படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். போய்ச் சேராதவர்கள் ஏராளம். பின்னாளில் எஸ்டேட் எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பும் முறை வந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு நடை குறைந்தது, கடன் குறையவில்லை. என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். அவர் பெயர் எங்கள் வீட்டில் திவசத்துக்கு மட்டும் சொல்லப்பட்டது.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அப்படிப் போனவர்களின் வழியில் வந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அந்த டிசம்பரிலேயே தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. போன வழி இல்லாமல் போனாலும் திரும்பிவருவது நிற்கவில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு வந்தார்கள். சிறுதொழில் கடன் என்று கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊர்களில் விட்டது அரசு. கொழுந்து கிள்ளத் தெரிந்த கைக்குச் சமவெளியில் என்ன தொழில்? கடன் வாங்கிக் கடை வைத்துத் தோற்றவர்கள், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மறுபடி கூலிக்குப் போனவர்கள் கதை தனியாக எழுத வேண்டியது.

இனி, தூள் கீழே இறங்கிய கதை.

தேயிலை முதலாளிகளுக்கு இந்தியர்கள் டீ குடிப்பது பற்றி வெகுகாலம் அக்கறை இல்லை. 1903-இல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் ஏற்றுமதியாகும் தேயிலைக்குப் பவுண்டுக்குக் கால் பை என்று ஒரு வரி போட்டார்கள். அந்தப் பணம் தேயிலைக்கு விளம்பரம் செய்ய. முதலில் அதில் பெரும்பகுதி வெளிநாட்டில்தான் செலவானது. 1930-ஐ ஒட்டி உலகச் சந்தை படுத்தது. 1933-இல் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதியை அளவோடு வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்போதுதான் தேங்கிய சரக்குக்கு வாய் தேடி உள்ளூர்ப் பக்கம் திரும்பினார்கள். ரயில் நிலையம், சந்தை, திருவிழாக் கூட்டம், ஆலை வாசல் என்று ஆள் சேரும் இடத்திலெல்லாம் இலவசமாகவும் அடிமாட்டு விலைக்கும் டீ கொடுத்தார்கள். டீ போடும் முறையைப் படம் வரைந்த எனாமல் பலகைகளை மாட்டினார்கள். கொதித்த நீரை இலைமேல் ஊற்று, ஐந்து நிமிஷம் மூடிவை, பாலை அப்புறம் சேர் என்று அதில் இருக்கும். என் தங்கை மகனின் பாடமும் ஏறக்குறைய அதுதான்! நம்மவர்கள் டீயை மட்டும் வாங்கிக்கொண்டு பாடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மதுரையில் இது பிடித்ததற்கு ஆலைகள் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் என்று ஊர் சொன்ன மதுரா மில்ஸ் 1890களின் தொடக்கத்திலிருந்து ஓடியது. 1920களில் கருமுத்து தியாகராசன் செட்டியாரின் மீனாட்சி மில் வந்தது. மில் சங்கு ஊதினால் ஊர் நேரம் சரிசெய்துகொள்ளும். மூன்று ஷிப்டு வேலைக்கு நீராகாரமும் மோரும் ஒத்துவரவில்லை. பஞ்சுத் தூசி அடைத்த தொண்டைக்குச் சூடாக, துவர்ப்பாக, இனிப்பாக, காசு குறைவாக ஒன்று வேண்டியிருந்தது. காபிக்குக் கொட்டை வறுத்து அரைத்து, தம்ளருக்கு இத்தனை கரண்டி என்று போட்டாக வேண்டும். தூளோ ஒரு சிட்டிகை போதும், நிமிஷத்தில் சாறு இறங்கிவிடும். என் அப்பா ராத்திரி ஷிப்டு முடித்து வந்தால் சட்டையில் எண்ணெய் வாசனையோடு டீ வாசனையும் இருக்கும்.

காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில்தான் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். டீயை அவர் ஒருபோதும் ஆதரிக்கவில்லை; உடம்புக்குக் கேடு என்று எழுதியும் வைத்தார். அரையாடைக்காக அவரைக் கும்பிட்ட ஊர் டீ விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

கௌரவம் காபிக்குத்தான் இருந்தது. காபி நடுத்தர வீட்டின் அந்தஸ்து. டீ கூலிக்காரனுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் உரியது என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளும் கதைகளும் பிரித்து வைத்திருந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி தமது 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். எங்கள் தெருவில் சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் காபி, மராமத்துக்கு வந்த கொத்தனாருக்கு டீ. ஒரே அடுப்பு, இரண்டு பாத்திரம்.

இரண்டு பாத்திரம் என்றதும் சொல்லாமல் போகக் கூடாத ஒன்று இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றார். பாடப் புத்தகத்தில் இருக்கிறது, வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். 1980களில் எனக்கு மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. உள்ளே பலகையில் வரிசையாகக் கண்ணாடிக் கிளாஸ். வெளியே கூரைக் கம்பில் செருகிய நாலைந்து அலுமினியத் தம்ளர்கள், நசுங்கி, கைப்பிடி இல்லாமல். காலனியிலிருந்து வருகிறவர் கும்பிட்டபடி ஒதுங்கி நின்று, ஒரு தம்ளரைத் தானே உருவி, தொட்டித் தண்ணீரில் அலசித் தரையில் வைப்பார். கடைக்காரர் உயரத் தூக்கி ஊற்றுவார். காசைக் கையில் வாங்க மாட்டார், பலகை ஓரத்தில் வைக்க வேண்டும். குத்துக்காலிட்டுக் குடித்துவிட்டு, கழுவி, அதே கம்பில் அவரே செருகிவிட்டுப் போவார். என் வகுப்புப் பையன்களின் அப்பாக்கள் அவர்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்தாயிற்று; 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. மதுரை மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் ஊராகப் புகாரும் போராட்டமும் நடந்தன. பல கடைகளில் அது போனது. சில கடைகள் எல்லோருக்கும் பேப்பர் கப் என்று மாற்றிக்கொண்டு தப்பித்தன. கண்ணாடி கிளாஸைப் பொதுவாக்குவதைவிட கிளாஸையே ஒழிப்பது சிலருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சைச் சமத்துவத்தின் இருப்பிடம் என்று யாராவது உருகினால் எனக்கு அந்த அலுமினியத் தம்ளர் நினைவுக்கு வந்துவிடும்.

பெஞ்சுக்குப் பெருமை இல்லாமலும் இல்லை. 'தினத்தந்தி' 1942 நவம்பர் 1-இல் பிறந்தது மதுரையில். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழில் ஆதித்தனார் கொண்டுவந்த அந்தத் தாளை வீட்டுக்கு வாங்காதவர்கள் டீக்கடையில் படித்தார்கள். ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பார்கள். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதிப்போட்ட பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவார்கள். பெண்களுக்கு அந்தப் படிப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது. எங்களுக்கு வாய்த்தது தூக்குவாளி. காசையும் வாளியையும் கொடுத்து அனுப்புவார்கள். ஓரமாக நின்று வாங்கிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் வீடு வர வேண்டும்.

அப்படி நின்ற நேரத்தில்தான் நான் டீ போடுவதைப் படித்தேன். செம்பு பாய்லர், நெற்றியில் விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்து, சாமி மாதிரி நிற்கும். நடுவில் கரி எரியும். உள்ளே ஒரு காசு போட்டிருப்பார்கள். தண்ணீர் கொதித்தால் அது கடகடவென்று ஆடும், மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வார். விடிகாலையில் முதல் டீயை யாருக்கும் கொடுக்காமல் தெருவில் ஊற்றுவார். தூள் துணிப்பையில். வெந்நீரை அதன்மேல் ஊற்றி, பையைத் தூக்கி, இன்னொரு குவளையில் வடித்து, அதையே மறுபடி ஊற்றுவார். சாறு செங்கல் நிறத்துக்கு வந்ததும் பாலிலும் சீனியிலும் விட்டு, ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றுவார். நுரை கிளாஸின் விளிம்புக்கு மேல் நிற்கும், வழியாது.

இங்கேதான் தங்கை மகனுக்கான பதில் இருக்கிறது. தூள் பொடியாக இருப்பதால் நீர் படும் பரப்பு அதிகம். நிறமும் துவர்ப்பும் உடனே இறங்கும். அந்தத் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்கிறது. முழு இலையில் பால் ஊற்றினால் இலை தோற்கும். தூளில் ஊற்றினால் இரண்டும் சமமாக நிற்கும். 1930களில் அசாமில் வந்த சிடிசி எந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டித் தள்ளியபோது, இந்த மாதிரி டீக்கென்றே சரக்குக் கிடைக்க ஆரம்பித்தது. மிச்சமாக வந்து விழுந்ததை வைத்துக் கரி அடுப்புக்காரர்கள் ஒரு புது பானத்தைச் செய்திருக்கிறார்கள். அதை இலை டீயின் மட்டமான பிரதி என்று சொல்வது அறியாமை.

டீப் பைத்தியமாக மதுரையில் இருப்பதில் கவலைகளும் இருக்கின்றன. முதல் கவலை தண்ணீர். போர்த் தண்ணீரில் போட்டால் சாறு கறுத்து மங்கும், மேலே ஏடு படியும். அது சுண்ணாம்பின் வேலை. வைகைக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் போடும் டீயே வேறு. அதற்காகவே ஒரு குடம் தனியாகப் பிடித்து வைக்கிறேன், மருமகள் சிரிக்கிறாள். அடுத்தது கலப்படம். குடித்துப்போட்ட சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். கடைக்காரர் எவ்வளவு வேண்டியவர் ஆனாலும் புதுத் தூள் வாங்கினால் ஒரு வேலை செய்வேன்: வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தூளைத் தட்டிவிட்டுப் பார்ப்பது. தாளில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை இறங்கினால் அது சாயம். இரும்புத்தூள் இருந்தால் காந்தம் சொல்லும். பாலித்தீன் பையில் சுடச்சுடக் கட்டிக்கொடுத்த பார்சல் டீ 2019 ஜனவரித் தடைக்குப் பின் குறைந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். பாய்லர் போய் கேஸ் அடுப்பும் பிளாஸ்கும் வந்ததில் வருத்தம். பிளாஸ்க் டீயை டீ என்று ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

சந்தோஷம் என்றால், சாயங்காலம் தள்ளுவண்டிப் பருத்திப்பாலை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவேன். "அக்கா, ஸ்ட்ராங்கா, சீனி கம்மி, கிளாஸ்ல" என்று நான் கேட்குமுன் மாஸ்டர் சொல்லிவிடுவார். ரோட்டோரம் நின்றபடியே குடிப்பேன். எங்கள் அம்மா கடைசிவரை செய்யாதது அது. மலையில் கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துத் தாங்களே சாலையில் உட்கார்ந்து 20 சதவீதத்தைப் பெற்றவர்கள் தமிழ் பேசும் அந்தப் பெண்கள்தான். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபின் நம் பாடப் புத்தகத்திலிருந்து அவர்கள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டார்கள். பறிக்கிறவளுக்குப் பெஞ்சில் இடமில்லை என்று எந்த ஊர் வழக்கம் சொன்னாலும் அது கேட்கத் தகுந்ததல்ல.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், தேனிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் எஸ்டேட் தகர வில்லையோ, கங்காணியின் கணக்கு நோட்டோ, மண்டபம் முகாமின் முத்திரை விழுந்த அட்டையோ, மில் கேண்டீன் டோக்கனோ இன்னும் கிடக்கும். வீடு இடிக்கும்போது பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று பின்னால் எழுதிவையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரியான இடங்களில் கேட்டுப் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. நம் கணக்கை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.